ஏரியைச் சுற்றி மூன்று ஏற்றங்கள்

டெல்லியில் இரவு ரயிலைப் பிடித்தால் விடியற்காலையில் காட்கோதாம். அதோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. எதிரே சுவர் மாதிரி மலை. ஸ்டேஷன் வாசலில் டாக்சிக்காரர்கள் "நைனிடால், நைனிடால்" என்று கூவி ஆள் சேர்ப்பார்கள். முப்பத்தைந்து கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால், 1,938 மீட்டர் உயரத்தில், மலைகளின் மடியில் ஒரு பச்சை ஏரி. அதன் நீளம் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

வருகிறவர்களின் நிகழ்ச்சி நிரல் அநேகமாக ஒன்றுதான். படகுச் சவாரி, ரோப்வே, நைனா தேவி கோயில், மால் ரோடில் மெழுகுவர்த்திக் கடை, ராத்திரி ஹோட்டலில் டி.வி. மறுநாள் மதியம் திரும்பும்போது 'நைனிடால் பார்த்தாயிற்று' என்று சொல்லிக்கொள்வார்கள். பார்த்தது ஏரியின் விளிம்பை. ஊர் இருப்பது ஏரியைச் சுற்றியுள்ள சரிவுகளில். அதை நடந்தால்தான் பார்க்க முடியும்.

நடையென்றதும் முதுகில் மூட்டையும் கூடாரமும் கட்டிக்கொண்டு போகும் மலையேற்றம் நினைவுக்கு வந்தால் பயந்துவிட வேண்டாம். இவை சின்ன நடைகள். ஸ்நோ வியூ இரண்டு கிலோமீட்டர். நைனா சிகரம் ஆறு. டிஃபின் டாப் நாலு. கெட்டியான காலணி, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு ஸ்வெட்டர் போதும். காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவர், முழங்கால் ஒத்துழைத்தால், மாலை விளக்கு வைப்பதற்குள் ஏரியை முழுக்க வலம் வந்துவிடலாம். அக்டோபர், நவம்பர் உத்தமம். மழை ஓய்ந்து காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும். மே, ஜூன் சீசனில் பனிமலைகள் புழுதிக்குள் ஒளிந்துகொள்ளும். மழைக்காலத்தில் அட்டைகள் கால் தேடி வரும். அந்தக் காலத்தில் இங்கே வேறு சிலதும் நடக்கும். அது பின்னால்.

நடை தொடங்குவது ஃபிளாட்ஸில். ஏரியின் மேல் முனையான மல்லிடாலில் உள்ள பெரிய மைதானம் அது. காலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், வயதானவர்கள் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வட்டமடிக்கிறார்கள். மலை ஊரில் இவ்வளவு சமதளம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில் அவ்வளவு இனிமையானதல்ல. இந்த மைதானத்தின் பெரும் பகுதி மேலே தெரியும் மலையிலிருந்து இறங்கி வந்தது.

வடகிழக்கே தெரியும் அந்த மலை ஷேர்-கா-டண்டா. ஸ்நோ வியூ அதன் மேல்தான் இருக்கிறது. ரோப்வேயில் போனால் சில நிமிடங்கள். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் தொங்கிக்கொண்டு போகிறவருக்குக் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. மல்லிடால் கடைவீதிக்குப் பின்னால் தொடங்கும் செங்குத்தான பாதையில் ஏறுபவருக்கு அது பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். வழியெங்கும் சிலேட்டுக் கல். பள்ளிக்கூடப் பலகை போல் தட்டை தட்டையாக, அடுக்கடுக்காக, கையால் பிடித்தால் பிட்டு வரும் கல். மழைத் தண்ணீர் இந்த அடுக்குகளுக்கிடையே இறங்கினால் மேல் அடுக்கு கீழ் அடுக்கின் மேல் வழுக்கும். சீட்டுக்கட்டை மேஜையில் சாய்த்து வைத்தால் நடப்பதுதான். இதைப் புரிந்துகொள்ளப் புவியியல் படித்திருக்க வேண்டியதில்லை. காலில் செருப்பு இருந்தால் போதும்.

1841-ல் பி. பாரன் என்ற ஷாஜகான்பூர் சர்க்கரை வியாபாரி இந்த ஏரியைப் பார்த்துச் சொக்கிப்போய், அடுத்த ஆண்டுகளில் இங்கே வீடு கட்டினார். ஏரியைப் புனிதமாக மதித்த கிராமத்தார் அந்நியரை உள்ளே விட விரும்பவில்லை. ஏரி தனது என்று சொன்ன நர்சிங் என்ற உள்ளூர்த் தலைவரைப் படகில் நடு ஏரிக்கு அழைத்துப்போய், உரிமையை எழுதிக்கொடுக்காவிட்டால் தண்ணீரில் தள்ளிவிடுவதாக பாரன் மிரட்டினார் என்பது ஊர் தொடங்கிய கதை. சொத்து வாங்க இப்படியும் ஒரு வழி இருந்திருக்கிறது. அதன்பிறகு பங்களாக்கள் கிடுகிடுவென்று முளைத்தன. ஹோட்டல், கடை, தேவாலயம், நடன அரங்கு. மரங்களை வெட்டினார்கள், சரிவைக் குடைந்தார்கள். 1867-ல் இதே மலைப்பக்கம் ஒருமுறை சரிந்து எச்சரித்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1880 செப்டம்பர் 16-ம் தேதி தொடங்கிய மழை ஓயவே இல்லை. 18-ம் தேதி சனிக்கிழமை காலை, விக்டோரியா ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு சிறிய சரிவு. சிலர் மண்ணில் புதைந்தார்கள். அவர்களைத் தோண்டியெடுக்க அதிகாரிகளும் சிப்பாய்களும் கூலிகளும் ஓடினார்கள். பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில், அவர்கள் தோண்டிக்கொண்டிருக்கும்போதே, மேலிருந்த மலைப்பக்கம் மொத்தமும் கிளம்பி வந்தது. ஹோட்டலையும் அதற்குக் கீழே இருந்த கடையையும் அரங்கையும் ஏரிக்கரையில் இருந்த நைனா தேவி கோயிலையும் சில நொடிகளில் அடித்துக்கொண்டு போய்விட்டது. இறந்தவர்கள் 151 பேர். அதில் 108 பேர் இந்தியர்கள், 43 பேர் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும். பலர் காப்பாற்றப் போனவர்கள். கோயிலைப் பிறகு இப்போதுள்ள இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். வந்து கொட்டிய மண்ணைச் சமன் செய்தபோது மைதானம் விரிந்தது. காலையில் பையன்கள் ஸ்டம்ப் நடுவது அதில்தான்.

ஏறும் பாதையில் ஒரு திபெத்திய மடாலயம் இருக்கிறது. பல வண்ணத் துணிக்கொடிகள் காற்றில் படபடக்கும். மூச்சு வாங்க நிற்க நல்ல இடம். இன்னும் கொஞ்சம் ஏறினால் 2,270 மீட்டரில் ஸ்நோ வியூ. பெயருக்கேற்றபடி வடக்கே பனிமலை வரிசை. நடுவில் மூன்று முனையோடு பெரிதாக நிற்பது திரிசூல், 7,120 மீட்டர். அதற்குப் பின்னால் கொஞ்சம் அடக்கமாகத் தெரிவது நந்தாதேவி, 7,816 மீட்டர். முன்னால் நிற்பவர் பின்னால் நிற்கும் பெரியவரை மறைக்கிற கதை இமயமலையிலும் உண்டு. முதல் முறை வருகிறவர்கள் திரிசூலைக் காட்டி 'அதுதான் நந்தாதேவி' என்பார்கள். பைனாகுலர்காரர் காசு வாங்கிக்கொண்டு திருத்துவார்.

இந்த ஷேர்-கா-டண்டாவுக்கு இன்னொரு வகையிலும் பெயர் உண்டு, பறவை பார்ப்பவர்களிடம். 'இமாலயக் காடை' என்று ஒரு பறவை. சிவப்பு அலகும் காலும், ஆணுக்கு நெற்றியில் வெள்ளைப் பட்டை. மசூரிப் பக்கமும் நைனிடால் பக்கமும் மட்டுமே சுட்டெடுக்கப்பட்டு, உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் ஒரு டஜன் சொச்சம் தோல்களாக மிஞ்சியிருக்கிறது. கடைசியாக ஐயத்துக்கிடமின்றிக் கிடைத்தது 1876-ல், இந்த மலையின் கிழக்குச் சரிவில். அதையும் சுட்டுத்தான் எடுத்தார்கள். சாலிம் அலி உள்படப் பலர் தேடியும் அகப்படவில்லை. இருந்தும் விஞ்ஞானிகள் இன்னும் 'அழிந்துவிட்டது' என்று எழுதவில்லை. 'அழியும் விளிம்பில்' என்றே வைத்திருக்கிறார்கள். புல்லுக்குள்ளேயே பதுங்கி நடக்கிற, மிதிபட இருக்கும்போது மட்டுமே பறக்கிற பறவை என்பதால் அந்த நப்பாசை. எனவே இங்கே நடக்கிறவர் புதரில் சலசலப்புக் கேட்டால் ஒரு நிமிடம் நிற்பது நியாயம்தான். பெரும்பாலும் வெளியே வருவது வெண்தொண்டைச் சிரிப்பானாக இருக்கும். கூட்டமாக, இரைச்சலாக, பஸ்ஸில் இடம் பிடிக்கிறவர்களைப் போல.

ஸ்நோ வியூவிலிருந்தே காட்டு வழியாக நைனா சிகரத்துக்குப் போகலாம். கீழே இறங்கிக் கில்பரி சாலைப் பக்கமிருந்தும் ஏறலாம். எப்படிப் போனாலும் கொஞ்ச நேரத்தில் கடை, ஹார்ன், ஹிந்தி சினிமாப் பாட்டு எல்லாம் அடங்கிவிடுகிறது. தேவதாரு மரங்கள் பின்தங்கி ஓக் காடு வருகிறது. கீழே 'பாஞ்ச்', நடுவில் 'திலோஞ்ச்', உச்சியை நெருங்கினால் 'கர்சு' என்று குமாவூன்காரர்கள் ஓக் மரத்தையே மூன்றாகப் பிரித்துப் பேர் சொல்வார்கள். பாஞ்ச் இலையின் அடிப்பக்கம் வெளுப்பு. காற்று அடித்தால் காடு முழுக்கச் சட்டென்று நிறம் மாறி வெள்ளி பூசிக்கொள்ளும். முதுகில் இலைக்கட்டோடு, இடுப்பில் அரிவாளோடு இறங்கும் பெண்களுக்கு அது மாட்டுத் தீவனம். எங்கே பாஞ்ச் இருக்கிறதோ அங்கே சுனை வற்றாது என்பது அவர்கள் கணக்கு. மரத்தடியில் கை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரியென்று தெரியும். இலை மக்கிய மண் பஞ்சு மாதிரி ஈரமாக இருக்கும். பெய்கிற மழையை ஓடவிடாமல் பிடித்து, மெல்ல மெல்லக் கீழே விடுகிற மண் அது. கீழே ஊரில் குழாயில் வருவதில் ஒரு பங்கு இங்கிருந்து புறப்பட்டதுதான்.

இடையிடையே முறுக்கிய தண்டுகளோடு ரோடோடெண்ட்ரான் மரங்கள். இங்கே 'புரான்ஷ்' என்கிறார்கள். உத்தராகண்டின் மாநில மரம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காடே ரத்தச் சிவப்பாகப் பூக்கும். பூவைப் பிழிந்து சர்பத் போட்டு விற்பார்கள். அக்டோபரில் வருகிறவருக்கு இலை மட்டும்தான். ஆனால் ஊட்டிப் பக்கம் சுற்றியவருக்கு மரம் எங்கோ பார்த்த முகமாகத் தோன்றும். தோன்றுவது சரி. நீலகிரியின் உயரமான சோலைகளில் 'காட்டுப்பூவரசு' என்று சொல்லப்படுவது இதே இனத்தின் தென்னாட்டுக் கிளை. நடுவில் உள்ள கங்கைச் சமவெளியிலோ தக்காணத்திலோ தேடினால் கிடைக்காது. உலகம் இன்னும் குளிராக இருந்த காலத்தில் தாழ்நிலங்கள் வழியாகத் தெற்கே பரவியிருந்தது, வெப்பம் ஏற ஏற மலை உச்சிகளில் மட்டும் தங்கிவிட்டது என்று தாவரவியலார் விளக்கம் சொல்கிறார்கள். டெல்லித் தமிழர்களின் நிலைமையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் மரம் யாரையும் குறை சொல்வதில்லை.

நைனா சிகரம் 2,615 மீட்டர். தொட்டபெட்டாவைவிட 22 மீட்டர்தான் குறைவு. தொட்டபெட்டா உச்சிக்கருகில் கார் போய் நிற்கும், மிளகாய் பஜ்ஜி கிடைக்கும். இங்கே இரண்டும் இல்லை. ஒரு காலத்தில் இதற்குச் 'சீனா பீக்' என்று பெயர். 1962 யுத்தத்துக்குப் பிறகு அந்தப் பெயர் நாக்கில் கசந்ததால் மாற்றினார்கள் என்கிறார்கள். வடக்கே பனிமலை இன்னும் அகலமாக விரிகிறது. ஆனால் இங்கு வருகிறவர் திரும்பி நின்று தெற்கே கீழே பார்ப்பதுதான் முக்கியம். அப்போதுதான் ஏரி முழுசாகத் தெரிகிறது. சதியின் கண் விழுந்த இடம் என்பது புராணம். மேலிருந்து பார்க்கும்போது அப்படிச் சொன்னவரைக் குற்றம் சொல்ல முடியாது. பூகம்பவியல் சொல்வது வேறு கதை. ஏரியின் நீளவாக்கிலேயே நிலத்தில் ஒரு பிளவு ஓடுகிறது. இமயமலை சமவெளியோடு உரசும் பெரும் விளிம்பும் தெற்கே ரொம்பத் தூரத்தில் இல்லை. பிளவுக்கு இந்தப் பக்கம் சிலேட்டு மலை, அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் மலை. நடுவே தண்ணீர். தண்ணீரைச் சுற்றி, பொரி அள்ளிப்போட்ட மாதிரி, சிவப்பு நீலக் கூரைகள். எந்தக் கூரை எந்தக் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று உச்சியிலிருந்து விரல் விட்டு எண்ணிச் சொல்லலாம். வீடு வாங்க வருகிறவரைப் பத்திர அலுவலகத்துக்கு அனுப்புவதற்குமுன் இங்கே ஒருமுறை அனுப்பினால் தேவலை.

இறங்கி வந்து, பாராபத்தரில் மதியச் சாப்பாடு. ராஜ்மா, சோறு, கேட்டால் மடுவா ரொட்டி. மடுவா என்பது நம் ஊர்க் கேழ்வரகுதான். குதிரை நிற்கும் இடமும் பாராபத்தர்தான். நடந்து போகிறவரைக் கண்டால் குதிரைக்காரர்களுக்கு ஆச்சரியம், பிறகு வருத்தம், பிறகு கட்டணத்தில் தள்ளுபடி. மறுத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் லாண்ட்ஸ் எண்டு என்ற முனையில் நின்றால் அடியாழத்தில் குர்பாதால் என்ற குட்டி ஏரியும் படிக்கட்டு வயல்களும் தெரியும். பத்து நிமிடம் போதும்.

அயார்பட்டா மலை இங்கே தொடங்குகிறது. காலடி மாறுவதை உடனே உணரலாம். சிலேட்டுத் தகடு போய்ச் சாம்பல் நிறப் பாறை; தொட்டால் சொரசொரப்பு; மழை அரித்த குழிகள், இடுக்குகள். சுண்ணாம்புக்கல் உறுதியானது, சுலபத்தில் வழுக்காது. 1880-க்குப் பிறகு ஊர் இதை நன்றாகவே புரிந்துகொண்டது. போஸ்ட் மாஸ்டராக இருந்த கிறிஸ்டோபர் கார்பெட்டின் குடும்பம் எதிர் மலைச் சரிவில் இருந்தது. பேரழிவுக்குப் பிறகு அந்த வீட்டைப் பிரித்து, மரமும் கல்லும் இந்தப் பக்கம் கொண்டுவந்து கட்டியதுதான் கர்னி ஹவுஸ். அங்கே வளர்ந்த பையனுக்குச் சரிவு நடந்தபோது வயது ஐந்து. பெயர் ஜிம். இந்தக் காட்டுப் பாதைகளில்தான் அவன் காலடித் தடம் படிக்கவும் பறவைக் குரலில் எச்சரிக்கை கேட்கவும் கற்றான். பின்னாளில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போனது 1907-ல். புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்றது 1944-ல். 1947-ல் தேசம் விடுதலையானதும் கென்யாவுக்குப் போய், 1955-ல் அங்கேயே இறந்தார். கர்னி ஹவுஸ் இன்னும் நிற்கிறது. இடம் மாற்றிக் கட்டியது வீண்போகவில்லை.

ஆனால் சுண்ணாம்புக்கல்லும் சிரஞ்சீவியல்ல. அது வழுக்காது, கரையும். வருஷக்கணக்கில் மழைத்தண்ணீர் இடுக்குகளில் இறங்கி அரித்து அரித்து ஒரு பெரும்பாறையைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு நாள் பார்க்கும்.

அயார்பட்டாவின் உச்சியில், சுமார் 2,290 மீட்டரில், டிஃபின் டாப். வெள்ளைக்காரர்கள் டிபன் கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். அதன் விளிம்பில் கல்லால் கட்டிய ஒரு மேடை இருந்தது. டோரதி கெல்லட் என்ற ஆங்கில ஓவியர் அங்கே உட்கார்ந்து படம் வரைவாராம். அவர் இறந்தபின், ராணுவ அதிகாரியான கணவர் அவர் நினைவாகக் கட்டியது. 'டோரதி சீட்' என்றால் நைனிடாலில் தெரியாதவர் கிடையாது. தேனிலவுத் தம்பதிகள் முதல் பள்ளிக்கூட உல்லாசப் பயணக் குழுக்கள்வரை அதன்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாதவர் இல்லை. வட இந்தியாவில் பல வீட்டு ஆல்பங்களில் அந்த மேடை இருக்கும்.

இப்போது ஆல்பங்களில் மட்டும்தான் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 6 இரவு, மழையில், மேடையும் அது நின்ற பாறையும் சேர்ந்து பள்ளத்தில் போய்விட்டன. இரவானதால் யாரும் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. பகல் பதினோரு மணிக்கு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் எல்லோருமே யோசித்திருப்பார்கள். பாறையில் விரிசல் விட்டிருந்தது ஒன்றும் ரகசியமல்ல. பல வருஷங்களாகவே கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளூர்க்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நடந்து வந்தவர்கள் பார்த்தார்கள். நிறுத்தும் அதிகாரம் உள்ளவர்கள் நடந்து வருவதில்லை என்பதுதான் சங்கடம். அதே 2024-ல் ஏப்ரலில் இந்தச் சுற்றுவட்டாரக் காடுகள் பற்றியெரிந்து, விமானப்படை ஹெலிகாப்டர் பீம்டால் ஏரியிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொட்ட வேண்டியிருந்தது. ஏப்ரலில் நெருப்பு, ஆகஸ்டில் மண். இரண்டுக்கும் நடுவில் சீசன் அமோகம். மால் ரோடில் கார்கள் வரிசை நகரவில்லை.

கீழே இறங்கும் வழியில் கண்ணில் படும் ஒரு பள்ளத்தைப் பெரும்பாலோர் கவனிக்காமல் போவார்கள். அதன் பெயர் சூக்காதால்: வறண்ட ஏரி. மழைக்காலத்தில் மட்டும் நிரம்பி, பிறகு வற்றிவிடும். வற்றுகிற தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. சுண்ணாம்புக்கல் இடுக்குகள் வழியாக மெல்ல நைனி ஏரிக்கு ஊறிக்கொண்டிருக்கிறது. கோடையில் ஏரியைத் தாங்குவது அந்த ஊற்று. வருஷத்தில் பாதி நாள் காலியாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்தால் மனிதனுக்குச் சும்மா இருக்க முடியுமா? கட்டட இடிபாடுகளைக் கொட்டினார்கள், ஓரத்தில் வீடுகள் வந்தன, பின்னர் 'அழகுபடுத்தும் திட்டம்' வந்தது, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றத்துக்குத் தூரம் அதிகமில்லை. உத்தராகண்ட் உயர் நீதிமன்றமே 2000 முதல் நைனிடாலில்தான் இருக்கிறது. 2017 கோடையில் ஏரி பின்வாங்கி, கரையோரம் வெடித்த சேறாகக் கிடந்ததை நீதிபதிகளும் பார்த்திருப்பார்கள். ஊர் குடிக்கிற தண்ணீரும் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது.

பாதைகளின் குறுக்கே, பாதைகளின் ஓரத்தில், காலையிலிருந்து கூடவே வருவது ஒன்று உண்டு: கல் பதித்த கால்வாய்கள். 1880-க்குப் பிறகு ஆங்கிலேய எஞ்சினியர்கள் செய்த உருப்படியான காரியம் அது. மழைத்தண்ணீர் மலைக்குள் இறங்கினால்தானே அடுக்கு வழுக்கும்? இறங்கவிடாமல் பிடித்து நேரே ஏரிக்கு அனுப்பிவிடு என்று சரிவு முழுக்க வலை பின்னினார்கள். படிபடியாக, வேகம் தணியும்படி, கைவேலையாகக் கட்டியவை. நூறு வருஷத்துக்கு மேல் ஊரைத் தாங்கியிருக்கின்றன. இப்போது சில கால்வாய்களின் மேல் கான்கிரீட் தளம், அதன்மேல் அறை, அறைக்கு 'லேக் வியூ' வாடகை. வேறு சிலவற்றில் கட்டட மண், சிப்ஸ் பாக்கெட், பிளாஸ்டிக் பாட்டில். சாலையில் போகும் காருக்கு இந்தக் கால்வாய் ஒரு சின்னக் குலுக்கல். நடப்பவருக்குத்தான் எது ஓடுகிறது, எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. வரலாற்றுப் பேராசிரியர் அஜய் சிங் ராவத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-லேயே பல உத்தரவுகள் போட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தடை, மரம் வெட்டினால் குற்றம், மால் ரோடில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, கால்வாய்ச் சீரமைப்பு. அதற்குப் பிறகும் சரிவில் வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பதைக் காலையில் ஸ்நோ வியூ பாதையிலேயே பார்த்தாயிற்று.

மாலை நடைக்கு மால் ரோடை விட்டுவிடலாம். ஏரியின் எதிர்க்கரையில் 'டண்டி சடக்', குளிர்ச் சாலை, இருக்கிறது. அயார்பட்டாவின் அடிவாரத்தை ஒட்டிய நடைபாதை. வில்லோ மரங்கள், பாறையோடு ஒட்டிய பாஷாண் தேவி சன்னிதி, தண்ணீருக்குள் மீன் கூட்டம். வெயில் இங்கே சீக்கிரம் போய்விடும். ஸ்வெட்டருக்கு வேலை வரும். எதிரே மால் ரோடு முழுசாகத் தெரிகிறது. மேல் மால், கீழ் மால் என இரண்டு அடுக்கு. அந்தக் காலத்தில் மேல் சாலை துரைமார்களுக்கு, கீழ்ச் சாலை இந்தியர்களுக்கு என்று பிரித்திருந்ததாகச் சொல்வார்கள். 2018 ஆகஸ்டில் கீழ்ச் சாலையில் ஒரு துண்டு அப்படியே ஏரிக்குள் இறங்கியது. எல்லோருக்கும் பொதுவான பிறகுதான் அது நடந்தது என்பதில் யாரும் திருப்திப்பட்டுக்கொள்ள முடியாது.

பாதை தல்லிடாலில் முடிகிறது. ஏரி நீர் வெளியேறும் மதகு இங்கேதான். வெளியேறும் ஓடைக்கு பலியா நாலா என்று பெயர். ஊரின் அஸ்திவாரத்தை அடியிலிருந்து அரிப்பது இந்த ஓடை. 1898-ல் இதன் கரைச் சரிவு இருபத்தெட்டுப் பேரை விழுங்கியது. இன்றும் மழைக்காலந்தோறும் கரை இடிகிறது. விளிம்பில் இருந்த குடும்பங்களை வேறிடம் மாற்றவேண்டி வந்தது. மதகருகே நின்றால் ஒரு பக்கம் படகுகளும் விளக்குகளும். இன்னொரு பக்கம், கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தால், இருட்டில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

பஸ் ஸ்டாண்டும் இதை ஒட்டித்தான். காட்கோதாம் போகும் டாக்சிக்காரர் இன்னும் ஒரு ஸீட் பாக்கி என்று கூவிக்கொண்டிருப்பார். ஏறி உட்கார்ந்து காலணியைத் தட்டினால், காலையில் ஒட்டிய சிலேட்டுத் துகளும் மதியம் ஒட்டிய சுண்ணாம்புப் பொடியும் சேர்ந்து உதிரும். டிரைவர் அதைப் பார்த்துவிட்டால், வண்டி இப்போதுதான் கழுவியது என்பார்.